கேளாமல் வந்த சோறும் கேட்டுப் பெறும் உதவியும்: புதுவைச் சிற்றூர்க் கல்வி வரலாற்றில் ஒரு பார்வை

ஈகைக்கு ஓர் அதிகாரம் வகுத்த திருவள்ளுவர், இரவு, இரவச்சம் என இரண்டு அதிகாரங்களை அடுத்தடுத்து வைத்துள்ளார். கொடுப்பதைப் பற்றிப் பத்துக் குறட்பாக்கள். கேட்பதைப் பற்றி இருபது. கேட்டு நிற்பவர் படும் கூச்சமும் இழப்பும் கொடுப்பவர் கண்ணுக்கு எளிதில் புலப்படுவதில்லை என்பதாலோ என்னவோ, அப்பேராசான் அதனை இருமடங்கு விரித்துரைத்தார். கல்விக்காக அரசு தரும் உதவிகளின் வரலாற்றைப் படிக்கப் புகுவார்க்கு இவ்வைப்புமுறை நல்லதோர் அளவுகோலாக அமைகிறது.

வில்லியனூர்க் கொம்யூனைச் சேர்ந்த சிற்றூர் ஒன்றில் பிறந்து, அரசுப் பள்ளியில் படித்து வளர்ந்தவள் நான். என் பள்ளி நாள்களில் என் குடும்பத்துக்கு அரசின் உதவி இரண்டு வழிகளில் வந்தது. ஒன்று, நண்பகலில் தட்டில் விழுந்த சோறு. மற்றொன்று, விண்ணப்பம் எழுதிக் கேட்டால் கிடைக்கக்கூடிய உதவித்தொகை. முதலாவது நாள் தவறாமல் வந்தது. இரண்டாவது சில ஆண்டுகளில் வந்தது. சில ஆண்டுகளில் வரவில்லை. இந்த வேறுபாடு எங்கிருந்து வந்தது என்பதை வரலாற்று நோக்கில் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பாகூரும் திருபுவனையும் தரும் சான்றுகள்

கற்பவர்க்கு உணவளிக்கும் வழக்கம் நம் மண்ணுக்குப் புதிதன்று. ஏரியும் நெல்வயலும் சூழ்ந்து புதுவையின் நெற்களஞ்சியம் எனப் பெயர்பெற்ற பாகூரில் கிடைத்த செப்பேடு, பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மனின் 8ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது, கி.பி. 9ஆம் நூற்றாண்டினது. வடமொழிச் செய்யுளும் தமிழ் உரைநடையும் கலந்த அச்செப்பேடு, பாகூரில் இருந்த வித்தியாத்தானம் என்னும் கல்லூரிக்குச் சேட்டுப்பாக்கம், விளங்காட்டங்கடுவனூர், இறைப்புனைச்சேரி ஆகிய மூன்று ஊர்கள் கொடையாக வழங்கப்பட்ட செய்தியைத் தெரிவிக்கிறது. வேசாலிப் பேரரையன் என்னும் தலைவனின் வேண்டுகோளுக்கு இணங்கி மன்னன் அக்கொடையை அளித்தான்.

இதற்கு ஏறத்தாழ இரு நூற்றாண்டுகளுக்குப் பின், வில்லியனூருக்கு மேற்கேயுள்ள திருபுவனையில், முதலாம் இராசாதிராசனின் காலத்துக் கல்வெட்டொன்று, 1048ஆம் ஆண்டில் அங்கு 12 ஆசிரியர்களும் 260 மாணவர்களும் கொண்ட கல்லூரி நடந்ததைக் கூறுகிறது. இதற்கென 72 வேலி நிலம் விடப்பட்டிருந்தது. இன்றைய விழுப்புரம் மாவட்டத்தைச் சேர்ந்த எண்ணாயிரத்தில் முதலாம் இராசேந்திரன் காலத்தில் 340 மாணவர்கள் பயின்றனர். அவர்களுள் இளநிலை மாணவர் ஒருவருக்கு நாள்தோறும் 6 நாழி நெல் அளக்கப்பட்டது.

இச்சான்றுகளைப் பெருமையோடு எடுத்துக்காட்டுவது நம் வழக்கம். அப்பெருமையின் எல்லையையும் நாம் உணர வேண்டும். இக்கல்லூரிகள் வேதமும் வடமொழிச் சாத்திரங்களும் பயின்றவர்க்காக நிறுவப்பட்டவை. அந்த 72 வேலியை உழுதவர்களின் பிள்ளைகளுக்கு அங்கே இடமில்லை. நெல்லை விளைவித்த வீட்டில் எழுத்து இல்லை. எழுத்து இருந்த வீட்டுக்கு நெல் தானே சென்று சேர்ந்தது.

எனினும் நாம் கற்றுக்கொள்ளத்தக்க ஒன்று இச்சான்றுகளில் உள்ளது. பாகூரில் பயின்ற மாணவன் எவனும் தன் உணவுக்காக மன்னனிடம் விண்ணப்பித்து நிற்கவில்லை. கேட்க வல்ல ஒரு தலைவன் அனைவர்க்குமாக ஒருமுறை கேட்டான். அதன்பின் கொடை நிலத்திலிருந்து நெல் வந்துகொண்டே இருந்தது. கேட்கும் சுமை கற்பவன் தோளில் ஏற்றப்படவில்லை. இக்கருத்தை நினைவிற் கொண்டு மேலே செல்வோம்.

பிரெஞ்சு ஆட்சியும் சென்னை மாநகராட்சியும்

தொழிற்புரட்சிக்குப் பின் மேலை நாடுகளில் கட்டாயக் கல்வி பரவியபோது, பசித்த பிள்ளைக்குப் பாடம் ஏறாது என்ற உண்மை ஆட்சியாளர்க்கு உறைத்தது. பிரான்சு நாட்டில் 1882ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம், வறிய மாணவர்க்குத் துணைபுரியும் பள்ளி நிதியம் ஒன்றைக் கொம்யூன்தோறும் அமைக்கப் பணித்தது. இங்கிலாந்தில் 1906இல் பள்ளி உணவுக்கான சட்டம் இயற்றப்பட்டது.

கொம்யூன் என்ற சொல் அந்த ஆட்சியின் வழியாகவே நம் பேச்சில் கலந்தது. 1880 மார்ச்சு 12ஆம் நாள் ஆணையால் பிரெஞ்சிந்தியாவில் கொம்யூன்கள் அமைந்தன. வில்லியனூரும் பாகூரும் அப்போதே கொம்யூன்கள் ஆயின. 1907இல் புதுவைப் பகுதியின் கொம்யூன்கள் எட்டாகப் பெருகின. கொம்யூன் அலுவலகத்தை மேரி என்றே நம் முதியோர் வழங்கினர்.

பிரித்தானிய இந்தியாவில், சர் பிட்டி தியாகராயரின் தலைமையில் இயங்கிய சென்னை மாநகராட்சி, 1920 செப்டம்பரில் ஆயிரம் விளக்குப் பகுதியிலிருந்த மாநகராட்சிப் பள்ளியில் சிற்றுணவு வழங்கத் தீர்மானித்தது. மாணவர் ஒருவருக்கு நாளொன்றுக்குச் செலவு ஓர் அணாவுக்கு மிகலாகாது என்பது வரம்பு. பின்னர் மேலும் நான்கு பள்ளிகளுக்கு அது விரிந்தது. பிள்ளைகளின் வருகை கூடியதைக் கண்ட பின்னும், தொடக்கக் கல்வி நிதியிலிருந்து இச்செலவைச் செய்யலாகாது எனப் பிரித்தானிய அரசு தடுத்தமையால் 1925இல் அத்திட்டம் நின்றது.

அங்கே நின்று ஐந்தாண்டுகள் கழிந்த நிலையில், 1930இல் புதுச்சேரியில் பிரெஞ்சு நிருவாகம் பள்ளி மாணவர்க்கு நண்பகல் உணவு வழங்கும் திட்டத்தைத் தொடங்கியது. பாவேந்தர் பாரதிதாசன் அப்போது பிரெஞ்சு அரசுப் பள்ளிகளில் ஆசிரியராகப் பணியாற்றிக்கொண்டிருந்தார். 1909இல் தொடங்கிய அவரது ஆசிரியப் பணி 1946 வரை நீடித்தது. இந்தியாவின் பள்ளி உணவு வரலாற்றை எழுதுவோர் சென்னையிலிருந்து நேரே எட்டயபுரத்துக்குத் தாவிவிடுவது உண்டு. இடையில் புதுவை 1930 என்றொரு படி இருப்பதை நாம் மறவாது பதிவு செய்தல் வேண்டும்.

ஆயினும் அக்கால உணவுத் திட்டங்கள் பெரும்பாலும் 'ஏழைப் பிள்ளை' என்ற சொல்லைச் சுற்றியே சுழன்றன. எந்தப் பிள்ளை ஏழை என்று எவரேனும் ஒருவர் சுட்டிக்காட்ட வேண்டியிருந்தது. சுட்டும் விரல் இருக்குமிடத்தில் கூச்சமும் இருக்கும். கேளாமலே கிடைக்கும் சோறு என்னும் நிலைக்கு வர இன்னும் பல ஆண்டுகள் ஆயின.

சேரன்மாதேவி தரும் பாடம்

சோறு கிடைப்பது ஒன்று. அதனை எவரோடு அமர்ந்து உண்பது என்பது மற்றொன்று. இவ்விரண்டாவது வினாவைத் தமிழகத்தில் ஓங்கி எழுப்பியது சேரன்மாதேவி குருகுலம்.

அதனை நிறுவிய வ.வே.சு. ஐயர் புதுவையோடு நெருங்கிய தொடர்புடையவர். 1910 முதல் 1920 வரை இம்மண்ணில் அடைக்கலம் பெற்று வாழ்ந்தவர், பாரதியாரின் தோழர், தமிழ்ச் சிறுகதையின் முன்னோடி. அவர் 1922இல் நெல்லைச் சீமையில் தொடங்கிய குருகுலம் நாட்டுப்பற்றும் தமிழறிவும் ஊட்டும் உயரிய நோக்குடையது. ஆயினும் அங்கே பார்ப்பன மாணவர் இருவர்க்குத் தனியே உணவிட இசைந்ததால் 1924, 1925ஆம் ஆண்டுகளில் பெரும் பிணக்கு மூண்டது. தந்தை பெரியாரும் டாக்டர் வரதராசுலு நாயுடுவும் அதனைக் கடுமையாக எதிர்த்தனர். பந்தியில் போட்ட ஒரு சிறு கோடு தமிழக அரசியலின் போக்கையே மாற்றும் காரணங்களுள் ஒன்றாயிற்று. உயர்ந்த நோக்கமும் சிறந்த புலமையும் ஒருங்கே அமைந்தவிடத்தும் பந்தி பிரிந்தால் கல்வி பிரிகிறது என்பதே சேரன்மாதேவி தரும் பாடம்.

பள்ளியின் நண்பகல் உணவு இப்பாடத்தை நாள்தோறும் சோதிக்கிறது. யார் சமைக்கிறார், யார் பரிமாறுகிறார், யார் பக்கத்தில் அமர்கிறார் என்ற வினாக்கள் இன்றும் சில ஊர்களில் எழுகின்றன. 2004 ஏப்பிரல் 20ஆம் நாள் உச்ச நீதிமன்றம், சமையற் பணியில் தாழ்த்தப்பட்டோர்க்கும் பழங்குடியினர்க்கும் முன்னுரிமை அளிக்குமாறு ஆணையிட்டது இதனை உணர்ந்தே ஆகும்.

எட்டயபுரம் முதல் உச்ச நீதிமன்றம் வரை

அதே சேரன்மாதேவியில், தொடர்வண்டிக் கடவு ஒன்றின் அருகே, மாடு மேய்த்துக்கொண்டிருந்த சிறுவனை நோக்கிப் 'பள்ளிக்கூடம் போகவில்லையா?' என்று முதலமைச்சர் காமராசர் கேட்டதாகவும், 'போனால் சோறு போடுவீர்களா?' என்று அவன் திருப்பிக் கேட்டதாகவும் ஒரு செவிவழிச் செய்தி உண்டு. செய்தி எவ்வாறாயினும், அதில் அடங்கிய வினா உண்மையானது. 1956 சூலைத் திங்களில் பாரதியார் பிறந்த எட்டயபுரத்தில் காமராசர் மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கிவைத்தார். கல்வித்துறை இயக்குநராயிருந்த நெ.து. சுந்தரவடிவேலு ஊர்மக்களின் நன்கொடையைத் திரட்டி அத்திட்டத்தை வேரூன்றச் செய்தார். 1957 முதல் அரசின் நிதியுதவியும் சேர்ந்தது.

அப்போது புதுவையின் நிலை வேறு. 1954 அக்டோபர் 18ஆம் நாள், இன்றைய வில்லியனூர்க் கொம்யூனைச் சேர்ந்த கீழூரில் மக்கள் பேராளர்கள் 178 பேர் கூடி, அவர்களுள் 170 பேர் இந்தியாவோடு இணைய வாக்களித்தனர். நவம்பர் 1ஆம் நாள் ஆட்சி கைமாறியது. சட்டப்படியான இணைப்பு 1962 ஆகத்து 16இல் நிறைவுற்றது. பழைய ஆட்சியின் உணவுத் திட்ட மரபும், எல்லைக்கு அப்பால் தமிழகத்தில் வளர்ந்த திட்டங்களின் தாக்கமும் புதுவைப் பள்ளிகளில் ஒருங்கே வந்து கலந்தன.

1982 சூலை 1ஆம் நாள் திருச்சிராப்பள்ளி மாவட்டம் பாப்பாக்குறிச்சியில் எம்.ஜி.ஆர். தொடங்கிய சத்துணவுத் திட்டம் இந்தியாவையே திரும்பிப் பார்க்க வைத்தது. 1995 ஆகத்து 15இல் நடுவண் அரசு நாடு தழுவிய திட்டத்தை அறிவித்தது. ஆயினும் பல மாநிலங்களில் சமைத்த உணவுக்கு மாற்றாக, 80 விழுக்காடு வருகையுள்ள மாணவர்க்குத் திங்கள்தோறும் 3 கிலோ தானியமே தரப்பட்டது. தானியம் வீட்டுக்குப் போகும். அதனை வீட்டார் அனைவரும் பகிர்ந்துண்பர். சமைத்த சோறோ அந்தப் பிள்ளையின் வயிற்றுக்கே போகும். இந்த வேறுபாட்டை உணர்ந்த உச்ச நீதிமன்றம், மக்கள் உரிமைக் கழகம் தொடுத்த வழக்கில், 2001 நவம்பர் 28ஆம் நாள், அரசு மற்றும் அரசு உதவிபெறும் தொடக்கப் பள்ளிகளில் பயிலும் ஒவ்வொரு பிள்ளைக்கும் சமைத்த மதிய உணவு வழங்க ஆணையிட்டது. குறைந்தது 300 கலோரி, 8 முதல் 12 கிராம் புரதம், ஆண்டுக்குக் குறைந்தது 200 நாள் என்பன அதன் அளவுகள்.

'ஒவ்வொரு பிள்ளைக்கும்' என்ற தொடரை நான் மீண்டும் மீண்டும் படித்ததுண்டு. 'ஏழைப் பிள்ளைக்கு' என்ற தொடர் அங்கே மறைந்தது. சுட்டும் விரலும் அதனோடு மறைந்தது. 2013ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டம் இதனை எட்டாம் வகுப்பு வரையிலான சட்ட உரிமையாக்கியது. மணிமேகலையின் கையிலிருந்த அமுதசுரபி, ஏந்தியவரின் தகுதிச் சான்றைக் கேட்டதாகச் சாத்தனார் பாடவில்லை. அக்காப்பியக் கனவு சட்டத்தின் மொழியில் எழுதப்பட்ட நாள் 2001 நவம்பர் 28 எனலாம்.

விண்ணப்பம் என்னும் வாயில்

இனி மற்றொரு வழியைக் காண்போம். தாழ்த்தப்பட்ட மாணவர்க்கான நடுவண் அரசின் மேற்படிப்பு உதவித்தொகை 1944இல் தொடங்கியது. அண்ணல் அம்பேத்கர் அன்றைய அரசின் நிருவாகக் குழுவில் உறுப்பினராயிருந்த காலம் அது. விடுதலைக்குப் பின் பிற்படுத்தப்பட்டோர்க்கும், பெண் மக்களுக்கும், முதல் தலைமுறையாகக் கற்போர்க்கும் எனப் பல உதவிகள் பெருகின. இவற்றால் உயர்ந்தவர் எண்ணற்றோர். நானும் அவர்களுள் ஒருத்தி. எனவே இவ்வுதவிகளைக் குறைகூறுதல் என் நோக்கமன்று. அவற்றின் வாயில் எவ்வளவு குறுகலானது என்பதை மட்டுமே சொல்ல விழைகிறேன்.

நான் ஆறாம் வகுப்பில் படித்தபோது உதவித்தொகைப் படிவம் ஒன்றை ஆசிரியர் தந்தார். வருமானச் சான்று இணைக்க வேண்டும். நடவுக் கூலியான என் தாயார் அதற்காக ஓர் அலுவலகத்துக்கு மூன்று முறை நடந்தார். முதல் முறை உரிய அலுவலர் ஊரில் இல்லை. இரண்டாம் முறை குடும்ப அட்டையில் ஓர் எழுத்து பிழையாக இருந்தது. மூன்றாம் முறை சான்று கிடைத்தது. ஆனால் படிவம் அனுப்ப வேண்டிய கடைசி நாள் கடந்துவிட்டது. மூன்று நாள் நடவுக் கூலியும் போயிற்று. அன்று மாலை என் தாயார் அந்தச் சான்றை மடித்து அரிசிப் பானைக்குள் வைத்தது என் நினைவில் இருக்கிறது. வீட்டில் ஈரம் படாத இடம் அதுவே. அடுத்த நாள் பள்ளியில் வழக்கம்போல அலுமினியத் தட்டில் சோறும் குழம்பும் விழுந்தன. பரிமாறிய ஆயா என்னிடம் எந்தச் சான்றையும் கேட்கவில்லை.

அதற்குப் பின் எங்கள் தெருவுக்கு விண்ணப்பம் எழுதித்தருபவள் நானே ஆனேன். அனுப்புநர், பெறுநர், பொருள், 'ஐயா, வணக்கம்' என்று தொடங்கும் அந்த உரைநடைதான் நான் எழுதிய முதல் தமிழ். கைந்நாட்டு வைத்துவிட்டு, 'இதிலே என்ன எழுதியிருக்கே, படிச்சுக் காட்டு' என்று கேட்பார்கள். தம் வறுமை நான்கு வரிகளில் அடங்கியதைக் கேட்டு அவர்கள் அமைதியாக இருந்த நேரத்தை எந்தக் கவிதையாலும் நான் இன்றுவரை ஈடுசெய்ய இயலவில்லை.

புதுவைச் சிற்றூர்களில் இவ்வாயில் மேலும் குறுகியது என்பதற்கு நிலவியலும் ஒரு காரணம். புதுவைப் பகுதி ஒரே நிலப்பரப்பாக இல்லாமல், தமிழக ஊர்களுக்கிடையே துண்டு துண்டாகக் கிடப்பது. பாகூர்ப் பக்கத்தில் ஒரு வரப்பைத் தாண்டினால் கடலூர் மாவட்டம்; மீண்டும் ஒரு வரப்பைத் தாண்டினால் புதுவை. பெண் கொடுப்பதும் எடுப்பதும் வேலைக்குப் போவதும் இவ்வரப்புகளைப் பார்த்து நடப்பதில்லை. விண்ணப்பமோ வரப்பைப் பார்க்கிறது. தாழ்த்தப்பட்டோர் பட்டியலுக்கான புதுச்சேரி ஆணை 1964 மார்ச்சு 5ஆம் நாளினது. அந்நாளுக்கு முன்பே குடும்பம் இங்கு வாழ்ந்ததா என்ற வினா இன்றும் பூர்வீகக் குடியினர் யார் என்பதைத் தீர்மானிக்கிறது. பாட்டனார் அந்த ஆண்டில் எந்த வரப்புக்கு இப்பால் குடிசை போட்டிருந்தார் என்பதற்கு ஏட்டுச் சான்று வைத்திராத குடும்பங்கள் பல. நிலமற்றவர்க்குப் பட்டா ஏது? பள்ளிக்குச் செல்லாதவர்க்கு மாற்றுச் சான்றிதழ் ஏது?

இஃது நம் மண்ணுக்கு மட்டும் உரிய இடர் அன்று. அமெரிக்க நாட்டில் 1946இல் பள்ளி உணவுச் சட்டம் வந்தது. விலையில்லா உணவு பெறக் குடும்பங்கள் வருமானத்தைக் காட்டி விண்ணப்பிக்க வேண்டியிருந்தது. விலையில்லா உணவு பெறும் பிள்ளைகளைப் பிறர் அறியுமாறு அடையாளப்படுத்துவதை 1970ஆம் ஆண்டுத் திருத்தம் தடைசெய்ய நேர்ந்தது. 2010ஆம் ஆண்டுச் சட்டம், வறுமை மிகுந்த பகுதிப் பள்ளிகளில் விண்ணப்பமே இன்றி அனைவர்க்கும் உணவளிக்க வழிவகுத்தது. செல்வம் கொழிக்கும் நாடும் அறுபத்து நான்கு ஆண்டுகளுக்குப் பின்னரே இத்தெளிவுக்கு வந்தது.

கணினி வந்தபின் வாயில் அகன்றுவிட்டது என்பாரும் உளர். அலைச்சல் ஒருவகையில் குறைந்தது உண்மையே. ஆனால் ஆதாரில் ஓர் எழுத்தும் வங்கிக் கணக்கில் வேறோர் எழுத்தும் இருந்தால் இயந்திரம் ஏற்பதில்லை. என் வகுப்பு மாணவியர் பலர் தம் தாயின் பெயரை மூன்று ஆவணங்களில் மூன்று விதமாக வைத்திருக்கின்றனர். 2020இல் கொள்ளை நோயால் பள்ளிகள் மூடப்பட்டபோது, சமைத்த உணவுக்கு மாற்றாக உணவுப் பாதுகாப்புப் படி வழங்குமாறு நடுவண் அரசு அறிவுறுத்தியது. தட்டில் விழுந்த சோறு அப்போது ஏட்டில் ஏறும் கணக்காக மாறியது. கேளாமல் வந்ததன் அருமை அன்றுதான் பலருக்கு விளங்கிற்று.

தகுதி பாராமல் எல்லா உதவிகளையும் எல்லார்க்கும் வழங்கிவிட இயலுமா என்ற வினா எழும். இயலாது என்பதை ஒப்புகிறேன். பின்தங்கியவர்க்கு முன்னுரிமை வேண்டுமாயின் அவர் யார் என அறிதல் வேண்டும். ஆனால் அறியும் பொறுப்பு யாருடையது? சாதிச் சான்றை வழங்குவது அரசு. வருமானச் சான்றை வழங்குவது அரசு. குடியிருப்புச் சான்றை வழங்குவதும் அரசே. தான் தந்ததைத் தனக்கே மீண்டும் காட்டுமாறு கூலித்தாயை ஆண்டுதோறும் நடக்கவைப்பதற்கு மாற்றாக, தன் ஏடுகளைத் தானே புரட்டி, தகுதியுடைய பிள்ளையைத் தானே தேடிச் சென்று அடையலாம். பள்ளியில் சேர்ந்த நாளிலேயே பிள்ளையின் பெயர் அரசின் ஏட்டில் ஏறிவிடுகிறது. அந்த ஒரு பதிவைக் கொண்டு சோறு வழங்க முடிகிறது எனில், பிறவற்றையும் அதன் வழியே வழங்கும் நெறியைக் காண்பது அரிதன்று.

நாம் செய்யத்தக்கது

பத்தாண்டு நிறைவு காணும் நம் இலக்கிய வட்டம் பல கவியரங்குகளைக் கண்டது. பல நூல்களை வெளியிட்டது. நம்முள் ஆசிரியர் உண்டு, அலுவலர் உண்டு, ஓய்வுபெற்ற எழுத்தர் உண்டு, பாவலர் உண்டு. மொழியை வசப்படுத்தியவர்கள் நாம். மொழி வசப்படாததால் வாயிலில் நிற்பவர்கள் நம் அண்டை வீட்டில் இருக்கின்றனர்.

ஆகவே இம்மலரின் வழியாக உறுப்பினர்களுக்கு ஒரு வேண்டுகோளை முன்வைக்கிறேன். ஆண்டுதோறும் பள்ளி திறக்கும் சூன் திங்களில் ஒரு ஞாயிறு வில்லியனூரிலும், ஒரு ஞாயிறு பாகூரிலும் நாம் கூடுவோம். கவியரங்குக்காக அன்று, படிவம் நிரப்பித் தருவதற்காக. எழுத்துப் பிழையைத் திருத்தித் தருவோம். கடைசி நாள் எது என்பதை எடுத்துரைப்போம். எழுதியதைப் படித்துக் காட்டுவோம். அங்கே நாம் காணும் இடர்களைத் தொகுத்து, ஒருவர் பெயரில் அன்றி அனைவர்க்குமாக அரசிடம் எடுத்துச் செல்வோம்.

பாகூர்ச் செப்பேட்டில் வேசாலிப் பேரரையன் செய்தது அதுவே. கேட்க வல்லவன் ஒருவன் கேட்டான்; கற்பவர்க்குக் கேட்கும் தேவை ஒழிந்தது. அன்று அது சிலருக்காக நிகழ்ந்தது. ஒவ்வொரு பிள்ளைக்குமாக அதனைச் செய்யும் கடமை நமக்கு உண்டு. என் தாயார் அரிசிப் பானைக்குள் வைத்த அந்தச் சான்று இப்போது என்னிடம் இருக்கிறது. மை மங்கிவிட்டது, முத்திரை மட்டும் தெளிவாகத் தெரிகிறது. சூன் திங்கள் ஞாயிறன்று வில்லியனூருக்கு வரும்போது அதனை எடுத்து வருவேன்.